மஸ்கட்டுக்குக் காட்டிய முகம்

எங்கள் லைன் வீடுகளில் யார் செத்தாலும் முதல் போன் ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் போகும். ஊருக்குச் சொல்வதும் ஆம்புலன்ஸ் பிடிப்பதும் அதற்குப் பிறகு. தெரு முக்கில் கட்டிய படத்தைப் பார்த்தால்தான் சனத்துக்குச் சாவு சாவாகப் படும்; அதுவரை அது வெறும் பேச்சு. சுடலைமாடத்தி கண்ணை மூடிய அன்றும் அப்படித்தான். விடிந்தும் விடியாமல் மூத்தவன் தங்கபாண்டி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அனீஷின் கடைக்குக் கிளம்பினான். தெருக்குழாய் வரை போனவன் திரும்பி வந்தான். அம்மாவின் போட்டோ வேண்டுமே.

ஆதார் அட்டையில் ஒன்று இருந்தது. அதை எடுத்தவன் வெளிச்சத்தை முகத்தில் அடித்துத் தள்ளியிருந்தான். கறுத்த முகம் சாம்பல் பூத்து, கண் இரண்டும் செருகிக் கிடந்தது. கல்யாணப் போட்டோவைக் கறையான் தின்று வெகுகாலம் ஆகிறது. சுடலைமாடத்தி சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. புருஷனோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவள், அவன் போன பிறகும் ஊர் திரும்பாமல், கொத்தனாருக்குக் கையாளாக நின்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். இங்கே அதை மைக்காட்டு வேலை என்பார்கள். சாலைக் கடைத்தெருவிலிருந்து மெடிக்கல் காலேஜ் வரை அவள் சிமெண்டுச் சட்டி ஏறாத மாடி குறைவு. வீடு குடிபுகும்போது ஆசாரியைப் போட்டோ எடுப்பார்கள், மேஸ்திரியை எடுப்பார்கள். மைக்காட்டுக்காரியை எவனும் எடுத்ததில்லை. இதைப் பேசினால் எனக்குக் கோபம் வரும், விடுகிறேன்.

அவளுக்கு நல்ல போட்டோ என்று இருந்தது ஒன்றே ஒன்று. கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தது. சிக்கல் என்னவென்றால் அதில் அவள் தனியாக இல்லை.

நாற்காலியில் அவள், பின்னால் பச்சைச் சேலையில் அவளுடைய இளைய பிள்ளை பொன்செல்வி. பிறந்தபோது வைத்த பெயர் பிச்சைக்கனி. ஆண்பிள்ளை என்று சொல்லி வளர்த்தார்கள். மீசை அரும்பிய வயதில் வீட்டைவிட்டுப் போய், பெங்களூரில் பட வேண்டியதெல்லாம் பட்டு, பல வருஷம் கழித்து ஒரு மழைநாளில் சேலையோடு வந்து வாசலில் நின்றவள். சுடலைமாடத்தி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நனையாத, உள்ள வா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் லைனில் அவள் பொன்செல்வி. சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்தார்கள். தங்கபாண்டி மட்டும் தன் பெண்டாட்டி சுஜாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் தனி வீடு பார்த்துப் போனான்.

பொன்செல்விக்குக் கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் வேலை. வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, ஆள் உள்ளே இறங்கித் தேய்க்கிற பெரிய வார்ப்புப் பாத்திரங்களைக் கழுவுவது. முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பந்தலுக்கு முன்பக்கம் பரிமாற மட்டும் விடமாட்டார். "உண்ணான் இரிக்குன்ன ஆள்க்காரு உன்னெ நோக்கும், மோளே, சோறு நோக்கூல" என்பார்; சாப்பிட உட்கார்ந்தவர்கள் சோற்றை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்களாம். அப்படி ஒரு கல்யாணத்தில்தான், பந்தலுக்குப் பின்னால் ஆவிக்குள் நின்று வார்ப்பு தேய்த்துக்கொண்டிருந்தவளை லிபி பார்த்தாள்.

லிபி வித்துராக்காரி. வயிற்றுப் பாட்டுக்குக் கல்யாணப் போட்டோ எடுப்பாள். மணப்பெண்ணைப் பாலில் முக்கினாற்போல வெளுக்க வைத்துக் கொடுத்தால்தான் அங்கே கூலி. மற்ற நாட்களில் அவள் எடுத்தது வேறு ஆட்களை. பொன்செல்வியைப் போன்றவர்கள், ஆணோடு குடித்தனம் செய்யும் ஆண்கள், பெண்ணோடு வாழும் பெண்கள். அதிலும் காலனிக்காரர்கள், எஸ்டேட் லயத்துக்காரர்கள், கடப்புறத்து மீனவர்கள். ஸ்டூடியோவுக்குப் போனால் நிறத்தை மாற்றுவார்கள், சொந்த வீட்டுக்குப் போனால் ஆளையே மாற்றச் சொல்வார்கள் என்கிற கூட்டம். லிபியும் ஒரு பெண்ணோடுதான் வாழ்கிறாள். அது தெரிந்த நாள் முதல் வித்துராவில் அவள் வீட்டுக் கதவு அவளுக்குத் திறப்பதில்லை.

படம் எடுக்க அவள் நேராக வீட்டுக்கே வருவாள். உட்காருவாள், கொடுத்ததைத் தின்பாள், பேசுவாள். கேமரா பையிலேயே கிடக்கும். இங்கே வந்த அன்று கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் ஆயிற்று. பிறகு பொன்செல்வியை ஜன்னலோரம் நிறுத்தினாள். சுடலைமாடத்தி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மே, இச்சிரி மாறி நில்லுங்கோ. வெளிச்சம் வரட்டும்."

"நான் மாறினா வந்துருமா? எம்புள்ள கறுப்பு, தாயி. நீ லைட்டு போட்டுத்தான் எடுக்கணும்."

"லைட்டு போட்டா கறுப்பு போகும் அம்மே. எனிக்கு கறுப்புதான் வேணும். ஜன்னல் வெளிச்சம் மதி, போதும்."

"கறுப்பு வேணும்னு கேக்கவள இப்பத்தான் பாக்கேன்" என்று சிரித்தாள் சுடலைமாடத்தி. சிரித்தவளை அப்படியே பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள் லிபி. பொன்செல்வி பின்னால் நின்று தோளில் கை போட்டாள். சுடலைமாடத்தி போட்டோவுக்கு உட்கார்ந்து பழக்கம் இல்லாதவள். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். படம் அப்படியே விழுந்தது.

டவுனில் லிபியின் படங்களைக் காட்சிக்கு வைத்த ஒரு ஹாலில் ஆள் உயரத்துக்கு அதை மாட்டியிருந்தார்கள். லைனில் இருந்து நாங்கள் ஒரு வேன் நிறையப் போனோம். சுடலைமாடத்தி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். தோல் தோலாகவே இருந்தது, நல்ல கறுப்பு, அதில் வேர்வை மினுங்கியது. "எங்க ஆத்தாளப் பாத்தாப்புல இருக்கு" என்றாள். பிறகு லிபியைத் தனியாகக் கூப்பிட்டு, "இத எங்க வேணா மாட்டிக்க. சங்கரன்கோயில் பக்கம் மட்டும் கொண்டு போயிராத" என்றாள்.

காரணம் இருந்தது. பிச்சைக்கனி ஓடிப்போன வருஷம், ஊர்க் கோயில் கொடைக்குப் போன இடத்தில், இளையவன் எங்கே என்று அவள் தம்பி மாசானம் கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னாள்: மஸ்கட். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவன் கல்ஃபில் இருப்பான். அவள் காதில் எப்போதும் விழுகிற பெயர் அது. சொன்ன பொய்க்கு வருஷா வருஷம் தீனி போட வேண்டியிருந்தது. கொடைக்குக் கிளம்பும் முன் சாலைக் கடைத்தெருவில் ஃபாரின் சாமான் விற்கிற கடையில் சோப்பு, டார்ச்சு, கோடாலித் தைலம், பேரீச்சம்பழம் எல்லாம் வாங்கி, பிள்ளை கொடுத்துவிட்டான் என்று கொண்டுபோய்க் கொடுப்பாள். பெங்களூரிலிருந்து வந்த பிறகு அதற்கெல்லாம் காசு கொடுத்தது வார்ப்பு கழுவிய பொன்செல்விதான். மஸ்கட்டிலிருந்து வராத சாமானுக்குத் தானே பட்டியல் சொல்வாள். "மாமாவுக்கு மூட்டு வலி கூடியிருக்கும், பெரிய தைலமா வாங்கு." சங்கரன்கோயிலில் அக்காள் மகன் பிச்சைக்கனிக்கு நல்ல பெயர்.

இப்போது அக்காள் செத்துவிட்டாள். மாசானம் மாமா வேன் பிடித்துக் கிளம்பிவிட்டார். தங்கபாண்டி சுவரில் இருந்து படத்தை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இத வெட்டித்தான் குடுக்கணும்" என்றான்.

பொன்செல்வி அம்மாவைக் குளிப்பாட்டி, தலைமாட்டில் உட்கார்ந்து ஈர முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். "எத?"

"ஒன்ன."

"எங்கைய அம்மா பிடிச்சிருக்காள்ளா. அத எப்படி வெட்டுவ?"

"அனீஷ் வேற உடம்பு வைப்பான். அவனுக்கு அது பழக்கம்."

அவள் கோதுவதை நிறுத்தவில்லை. தங்கபாண்டி கெட்டவன் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். அவன் கெட்டவன் இல்லை. தாயின் பொய் தாய் செத்த பிறகு அவிழ்ந்து, ஊர் அவளைப் பார்த்து வாயில் போட்டு மெல்லும் என்பதுதான் அவன் பயம்.

"ஒன்னப் போகச் சொல்லல" என்றான். "இங்கதான் இரு. யாருன்னு கேட்டா..."

அடுக்களையில் இருந்து சுஜா சொன்னாள்: "ஹோம் நர்சுன்னு சொல்லலாம். பொய்யுமில்லல்லோ. படுக்கையில கெடந்தப்ப அத்தைக்கு எல்லாம் செஞ்சது அவ தானே."

பொன்செல்வி யோசித்தாள். "என்ன வேணா சொல்லிக்க. கொள்ளி நீ வையி, மொட்ட நீ போடு, எனக்கொண்ணும் வேண்டாம். எங்கம்மாவுக்கு நான் வாய்க்கரிசி போடணும். அது மட்டும் போதும்."

"எல்லாரும் போட்டு முடிஞ்ச பொறவு, பாத்துக்கிட்ட பொண்ணுன்னு சொல்லி ஒன்னையும் கூப்பிடுதேன். அம்மா மேல சத்தியம்" என்றான் தங்கபாண்டி.

மத்தியானம் ஃப்ளெக்ஸ் வந்தது. சுடலைமாடத்தியின் தலையை எடுத்து, யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலை உடம்பில் வைத்திருந்தான் அனீஷ். கழுத்தில் காசுமாலை. கேட்காமலே முகத்தையும் நாலு பங்கு வெளுத்திருந்தான். செத்தவர்களுக்கு அவன் செய்கிற மரியாதை அது. கீழே பிள்ளைகள் வரிசையில் தங்கபாண்டி, பக்கத்தில் பிச்சைக்கனி. பள்ளிக்கூடத்து போட்டோவில் இருந்து எடுத்த பழைய முகம், அதற்கு ஒரு மீசை, நீலக் கோட்டு, டை. மழையில் அந்தக் கோட்டு மினுமினுத்தது. பொன்செல்வி முக்கு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கோட்டு நல்லாருக்கு" என்றாள்.

வேன் வந்தபோது மழை ஊற்றியது. பெண்கள் வண்டியில் இருந்து இறங்கும்போதே நெஞ்சில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். மாசானம் மாமா நல்ல உயரம், நரைத்த கிருதா. துண்டை வாயில் பொத்திக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெட்டிக்குள் குளிரில் அக்காள் கிடந்தாள். கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. பொன்செல்வி ஒரு துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அழுது முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இளையவன் எப்ப வாரான்?"

தங்கபாண்டி இதை எதிர்பார்க்கவில்லை. நாங்களும்தான். மஸ்கட் தூரம், ஆகவே கேள்வி முடிந்தது என்று நினைத்துவிட்டோம். ஆனால் அவர் எங்கள் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்.

"லீவு கெடைக்காது மாமா. இன்னைக்கே எடுத்துருவோம்."

"எடுக்கதா? மலையாளத்துல கல்ஃபுக்காரப் புள்ள வந்து மொகம் பாக்கது வரைக்கும் ஐசுல வச்சிருப்பாகள்ளா. அதுக்குத்தான இந்தப் பெட்டி? எத்தன நாளானாலும் ஆவட்டும், நாங்க கெடக்கோம். அவன் குடுத்துவிட்ட தைலத்த தேச்சாத்தான் எனக்கு ஒறக்கமே. அவன் போன பொறவு ஒரு வார்த்த மொகத்தப் பாத்துப் பேசினது கெடையாது. அவன் வராம எங்கக்காவ எடுக்க விடமாட்டேன்."

அன்பில் சொன்ன சொல்தான். அந்த அன்பை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு உடலை எடுக்கவில்லை. சாவு வீட்டில் உலை வைக்கக்கூடாது என்பதால் மூன்று வீடு தள்ளி ஸ்வப்னாவின் அடுக்களையில் கஞ்சியும் பயறும் ஆனது. ஸ்வப்னா மலையாளி, தையல்காரி, பொன்செல்விக்குக் கூட்டுக்காரி, தோழி. கஞ்சியைத் தூக்கி வந்ததும் பரிமாறியதும் பொன்செல்விதான். ஆவி பறக்கப் பறக்க, பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். பந்தலின் முன்பக்கம் அவள் பரிமாறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மாசானம் மாமாவின் பெண்டாட்டி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "எந்த ஊரு தாயி ஒனக்கு?"

"இந்தூருதான் அத்த."

"தமிழ் நல்லாப் பேசுதியே."

"அம்மாகூட பேசிப் பேசி வந்துச்சு."

"மதினிய தங்கமாப் பாத்திருக்க. உடம்புல ஒரு புண்ணு இல்ல. பெத்த மக இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள் அத்தை. பொன்செல்வி எழுந்து கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.

மறுநாள் காலையில் காற்றடித்து எங்கோ மரம் விழுந்து கரண்டு போனது. வந்தது, மறுபடி போனது. பெட்டி முனகி நின்றது. ஜெனரேட்டர் பிடித்து வந்து ஓட்டுவதற்குள் சுடலைமாடத்தியின் மூக்கில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. பொன்செல்வி மூடியைத் தூக்கிப் பஞ்சை மாற்றி, கீழே இறங்கிய தாடையைத் துணியால் இழுத்துக் கட்டினாள். அந்த நேரத்தில் மாசானம் மாமா இரக்கப்பட்டு ஒரு படி இறங்கி வந்தார். "சரிப்பா. லீவு இல்லன்னா வீடியோவுலயாவது காட்டு. அவன் பாத்துட்டா எடுத்துரலாம்."

தங்கபாண்டி ஸ்வப்னாவின் அடுக்களைக்கு வந்தான். சாவுச் சேதி கேட்டு வந்திருந்த லிபியும் அங்கே பயறு கழுவிக்கொண்டிருந்தாள். இனி நடந்தது ஸ்வப்னா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"மாமன் வீடியோவில காட்டச் சொல்லுதாரு" என்றான்.

"காட்டு" என்றாள் பொன்செல்வி.

"யார?"

அவளுக்குப் புரிந்தது. கையில் இருந்த துணியைப் பிழிந்தாள்.

"இல்லன்னா நாளைக்கும் வச்சிருப்பாரு. அம்மாவ இன்னும் அந்தப் பெட்டியில போட்டு வைக்கவா? நீயே பாத்தல்லா, கோலம் அழியுது. எஞ்சட்ட ஒண்ணு போட்டுக்க. அஞ்சு நிமிசம். முடிஞ்சதும் சேலையக் கட்டிட்டு ஓடி வந்துரு. வாய்க்கரிசிக்குக் கூப்பிடுதேன்."

லிபி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அண்ணா, இது பாவமாணு. இத்ர நாளு இவளெ வெளிச்சத்து கொண்டு வரத்தான் நான் கெடந்து பாடுபட்டது. நீங்க இப்போ..."

"எனக்கு வேற வழி தெரியல லிபி" என்றான் தங்கபாண்டி. அழுதுவிடுவான் போல இருந்தது.

"சட்டையக் கொண்டா" என்றாள் பொன்செல்வி. "லிபி, நீதான் உட்கார வைக்கணும். ஒனக்குத்தான் தெரியும், எங்க இருந்தா நான் தெரிய மாட்டேன்னு."

லிபி செய்தாள். ஸ்வப்னா வீட்டு முன் அறையில் புதிதாக வெள்ளை அடித்த சுவர் பக்கம் நாற்காலி. பின்னால் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் முதுகில் விழ வைத்தாள். முன்பக்கத்துக் கதவைச் சாத்தினாள். முகம் இருட்டில் போனது. பொன்செல்வியின் பொட்டும் கம்மலும் போயின, கண்மை போகும்வரை அவள் முகம் கழுவினாள், முடி காலருக்குள் போனது. போனில் நெஞ்சுக்கு மேலேதான் தெரியும் என்பதால் இடுப்புக்குக் கீழே சேலையை அவிழ்க்கவில்லை. ஒலி இரட்டித்து இரையாமல் இருக்கக் காதில் இயர்போன் மாட்டிவிட்டாள் லிபி. வேலை பார்த்துக்கொண்டே அழுதாள். கறுத்த முகத்தில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று வருஷக்கணக்காகப் படித்தவள், படித்ததை எல்லாம் திருப்பிப் போட்டுச் செய்தாள்.

பெட்டிப் பக்கம் நாங்கள் நின்றோம். தங்கபாண்டியின் போனை மாசானம் மாமா கையில் வாங்கி முகத்தின் அருகே பிடித்தார்.

"தம்பி... பிச்சைக்கனி... தெரியுதாய்யா? மாமா பேசுதேன்."

"மாமா" என்றது போன்.

"மெலிஞ்சு போயிட்டியேப்பா. மொகம் தெரியல, இருட்டா இருக்கு. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாய்யா."

"கரண்டு இல்ல மாமா."

"அங்கயுமா?"

தங்கபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். மாமா கண்ணாடி மேல் போனைக் கவிழ்த்துப் பிடித்தார். "பாரு தம்பி, அம்மாவப் பாரு. ஒன் நெனப்பாவே போயிருக்கா." போனில் இருந்து அழுகை வந்தது. சொல் ஒன்றும் இல்லை, வெறும் அழுகை. சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். அந்த அழுகையில் பொய் இல்லை.

"போதும் மாமா, போனத் தாங்க. அவன் வேலைக்குப் போகணும்" என்று கை நீட்டினான் தங்கபாண்டி.

"இருய்யா. தாய்க்குச் செய்ய வேண்டியதக் கண்ணாலயாவது பாக்கட்டும்." மாமா போனைத் தரவில்லை. அத்தையைக் கூப்பிட்டு அரிசித் தட்டை வாங்கினார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயருகே அரிசியை இட்டார்கள். கடைசியில் அவர் தானும் இட்டு, மறுபடி ஒரு பிடி எடுத்தார். "தம்பி, இது ஒனக்கு. ஒம்பங்குக்கு நானே போடுதேன், பாத்துக்க." போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் போட்டார்.

தங்கபாண்டி அப்போது வாயைத் திறந்தான். பாத்துக்கிட்ட பொண்ணு ஒண்ணு இருக்கு, அதையும் கூப்பிடணும் என்று சொல்ல வந்திருப்பான். சொல்லி என்ன? அவள் சட்டையோடு மஸ்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்தால் போனில் நாற்காலி காலியாகும். வாயை மூடிக்கொண்டான்.

"கட் பண்ணிராத தம்பி" என்றார் மாமா. "சுடுகாடு வரைக்கும் காட்டுதேன்."

சங்கு ஊதி எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் லைனுக்குள் வராது, முக்கு வரை தூக்கித்தான் போக வேண்டும். மழை விட்டிருந்தது, ஓடைத் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியிருந்தது. முன்னால் பாடை, பின்னால் போனை உயர்த்திப் பிடித்தபடி மாசானம் மாமா, அவருக்கும் பின்னால் முக்கு வரை மட்டும் வரக்கூடிய பெண்கள். உள்ளே பொன்செல்வி கையில் இருந்த சின்னத் திரையில் தன் தாய் தெருவழியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயடி போனது. எங்கள் வீடு போனது. பிறகு ஒரு நீலக் கதவு வந்தது. அது ஸ்வப்னா வீட்டுக் கதவு. சாத்திய அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

சேலையில் போனால் அவள் ஹோம் நர்ஸ், முக்குக்கு மேல் இடமில்லை. சட்டையில் போனால் பிள்ளை, ஆனால் பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு அப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அவள் எழுந்தாள் என்றாள் ஸ்வப்னா. லிபி, "சட்டை மாற்றிட்டு போ மோளே" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் இயர்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். போன் கையிலேயே இருந்தது, முகத்துக்கு நேராக, அணைக்காமல்.

தெருவில் மாசானம் மாமா திரையைப் பார்த்தபடி நடந்தார். முதலில் திரை வெளுத்தது. பிறகு முகம் தெரிந்தது, இருட்டு விலகிய கறுத்த முகம், திருத்திய புருவம், காதில் கம்மல் துளை. "ஆங், இப்பத் தெரியுது தம்பி" என்றார். முகத்துக்குப் பின்னால் நீலக் கதவு இருந்தது. அதற்கு அப்பால், சாவு வீட்டுப் பந்தலின் படுதா. அதன் ஓரத்தில் ஒரு பெண் தலையில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். மஸ்கட்டில் அவருடைய பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

அவர் நின்றார். திரும்பினார். பின்னால் தண்ணீருக்குள் பொன்செல்வி நின்றாள். மேலே தங்கபாண்டியின் கட்டம் போட்ட சட்டை, கீழே நனைந்த சேலை, காலருக்குள்ளிருந்து வெளியே விழுந்த முடி. நேற்றுக் கஞ்சி ஊற்றிய பெண். அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"நான்தான் மாமா" என்றாள். அவர் கையில் இருந்த போனும் அதையே சொன்னது.

மாமா பெருவிரலால் துழாவிப் போனை அணைக்கப் பார்த்தார், முடியவில்லை, அப்படியே தங்கபாண்டியின் சட்டைப் பையில் போட்டார். தூக்கிய பாடையை வழியில் இறக்கக்கூடாது என்பதால் முன்னால் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவரும் திரும்பிப் பார்க்காமல் அவர்களோடு நடந்தார். பொன்செல்வி பின்னாலேயே போனாள். வா என்று யாரும் சொல்லவில்லை. லிபி கழுத்தில் கேமரா தொங்கியது. அவள் எடுக்கவில்லை.

முக்கில் பெண்கள் நின்றார்கள். ஆம்புலன்சுக்குள் சுடலைமாடத்தியை ஏற்றினார்கள். தங்கபாண்டி ஏறி ஒரு பக்கம் உட்கார்ந்தான். மாசானம் மாமா எதிரே உட்கார்ந்து, மீதி வாய்க்கரிசித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். முகத்தை மூடும் முன் சுடுகாட்டில் இன்னொரு தடவை போடுவார்கள். பொன்செல்வி பின்கதவுக்கு வெளியே நின்றாள். அவள் கேட்கவில்லை, நகரவும் இல்லை. அத்தை தூரத்தில் நின்று அழுதாள், யாருக்காக என்று தெரியவில்லை.

டிரைவர் மலையாளி. கதவில் கை வைத்துக்கொண்டு, "இனி ஆரெங்கிலும் உண்டோ?" என்றான், இன்னும் யாராவது ஏற வேண்டுமா என்று.

தங்கபாண்டி மாமாவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு டிரைவரிடம் சொன்னான்: "ஒராளு கூடி உண்டு. அனியத்தியா."

அனியத்தி என்றால் தங்கச்சி. சங்கரன்கோயில்காரருக்கு மலையாளம் தெரியாது. தன் வாழ்நாளில் அவன் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான், அதையும் மாமனுக்குப் புரியாத பாஷையில்தான் சொல்ல முடிந்தது.

டிரைவர் கதவைத் திறந்து பிடித்தான். பொன்செல்வி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மாசானம் மாமா கால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டார். அவளுக்கு இடம் விடவா, அவள் மேல் படாமல் இருக்கவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அரிசித் தட்டு அவர் மடியிலேயே இருந்தது, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில். டிரைவர் கதவைச் சாத்தினான், வண்டி தைக்காட்டுச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது.